மரக்கால் யார் கையில்?

பஞ்சு மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எந்த ஆலை முதலாளியும் விலை பேசமாட்டான். ஆனால் புத்தக முதலாளி ஒருவன், கவிஞன் கொடுத்த கையெழுத்துப் பிரதியின் கட்டைக்கூட அவிழ்க்காமல் வேண்டாமென்று திருப்பித் தருகிறான். சில நாள் கழித்து அதையே 3,000 பிராங்கு கொடுத்து வாங்குகிறான். அப்போதும் படிக்கவில்லை!

பிரெஞ்சு எழுத்தாளர் பால்ஸாக் 1837 முதல் 1843 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட 'கலைந்த மாயைகள்' என்ற நாவலில் வரும் காட்சி இது. கவிஞன் லூசியன் சிற்றூரிலிருந்து பாரிசுக்குப் புகழ் தேடி வந்தவன். கட்டின் கயிற்றில் மைக்குறி இட்டுத்தான் கொடுத்திருந்தான். குறி அசையவே இல்லை.

பிறகு ஏன் விலை வந்தது? லூசியன் பத்திரிகையில் நுழைந்து, அந்த முதலாளி வெளியிடும் நல்ல நாவல் ஒன்றைக் கிழித்து எழுதினான். முதலாளி ஓடோடி வந்தான். அவன் வாங்கியது கவிதையை அல்ல, பேனாவின் வாயை! அடுத்து லூசியன் அதே நாவலைப் புகழ்ந்து வேறொரு பெயர்க்குறியில் எழுதினான். மூன்றாவதாக இரண்டுக்கும் நடுவே நின்று ஒரு கட்டுரை. புத்தகம் ஒன்று, தீர்ப்பு மூன்று, கை ஒன்று!

சிரிக்கிறோம். ஆனால் இந்தச் சூதாட்டத்தின் கடனை அடைத்தது யார்? ஊரில் அச்சகம் நடத்திய அவன் தங்கை கணவன் டேவிட். செடி நாரிலிருந்து மலிவான காகிதம் செய்ய இரவு பகலாய்ப் பாடுபட்டவன் அவன். லூசியன் அவன் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டுக் கடன் பத்திரம் எழுதினான். டேவிட் சிறைக்குப் போனான். போட்டி அச்சக முதலாளிகள் அவன் கண்டுபிடிப்பைச் சொற்பத் தொகைக்குப் பறித்துக்கொண்டு பணத்தில் புரண்டார்கள்.

பால்ஸாக் நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லர்; மன்னராட்சியை ஆதரித்தவர். ஆனால் 1826-ல் தாமே அச்சகம் தொடங்கி, 1828-க்குள் கடனில் மூழ்கியவர். அந்தச் சந்தையை உள்ளிருந்து பார்த்தவர். அதனால்தான், வரலாற்று ஆசிரியர்களும் பொருளாதார நிபுணர்களும் சேர்ந்து கற்பித்ததைவிட அதிகமாக அவரிடம் கற்றதாக 1888-ல் ஏங்கெல்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார்.

லூசியன் பிறவிக் கயவன் அல்ல என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அவனுக்குத் திறமை இருந்தது. உண்மையாக எழுதி வறுமையில் உழன்ற நண்பர்களும் இருந்தார்கள். அவன் அவர்களை விட்டு விருந்து மேசைக்குப் போனான். எழுத்தைச் சரக்காக்கும் சந்தை, எழுதுகிறவனையும் சரக்காக்கிவிட்டது.

தோழர்களே! களத்தில் மரக்கால் பிடித்தவன் அளந்ததே கூலி என்றிருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். பத்திரிகையும் ஒரு மரக்கால்தான். இந்தப் புத்தகம் உயர்வு, அந்த வேலைநிறுத்தம் தவறு என்று அது அளந்து போடும்போது, அளவை மட்டும் பார்த்தால் போதாது. மரக்காலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பாருங்கள்.