ரெட் அலர்ட் வந்தாச்சு... உங்க தெருவுக்கு என்ன அர்த்தம்?

2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மழை வலுக்கும் முன்பே பாலத்து ஓரம் வரிசையாக கார்கள். சென்னைக்கு ரெட் அலர்ட் என்றதும் அக்கம்பக்கத்தினர் கொண்டுவந்து நிறுத்தியவை. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதி பட்ட பாடு அப்படி. கடைசியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சற்று வடக்கே நகர, 16-ம் தேதி பயந்த அளவுக்கு மழை இல்லை. மீம்ஸ் பறந்தன.

ஆனால், கிண்டல் செய்ய அதில் எதுவுமில்லை. 'அலர்ட் சரி, என் தெருவுல தண்ணி எவ்வளவு நிக்கும்?' என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அலர்ட் என்ன சொல்கிறது?

24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 20.44 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். இது வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு.

பலரும் கவனிக்காத சொல் 'ஓரிரு இடங்களில்'. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாத இடங்களில் என்று பொருள். அதாவது, மாவட்டம் முழுக்க சிவப்பாக இருக்கும். உங்க ஏரியாவில் தூறலோடு போகலாம். கணிப்பு அப்போதும் சரிதான்! இதைப் புரிய வைக்காமல் விட்டால், அடுத்த ரெட் அலர்ட்டை யார் மதிப்பார்கள்?

கன அடி கணக்கு

ஏரி திறப்புச் செய்தி இன்னும் சிக்கல். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் திறப்பு படிப்படியாக உயர்ந்து விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 9,000 லிட்டர் தண்ணி லாரி தெரியும்தானே? ஒவ்வொரு விநாடியும் அப்படி 90 லாரி. இது போதாதென்று வழியெங்கும் பெய்த மழைநீரும் அடையாற்றில் சேர்ந்தது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் இருந்தவர்களுக்கு 29,000 என்ற எண்ணா முக்கியம்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், முட்டளவா, முதல் மாடி வரையா என்பதுதான்.

எச்சரிக்கைகளில் தவறாமல் வரும் இன்னொரு வரி: 'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.' சரி, எது தாழ்வான பகுதி? ஏரியோ சதுப்போ இருந்த இடத்தில் எழும்பிய அபார்ட்மென்ட்டில், ஆறாவது மாடியில் வீடு வாங்கியவர் தன்னைத் தாழ்வான பகுதிவாசியாக நினைக்கவே மாட்டார். கரன்ட் போய், லிஃப்ட் நின்று, கீழே கார் மூழ்கிய பிறகுதான் தெரியும்.

தொழில்நுட்பம் இல்லையா என்றால், இருக்கிறது. 2023-ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்த செல் பிராட்காஸ்ட் முறையில் நம்பர் பட்டியல் தேவையில்லை. குறிப்பிட்ட டவர்களின் எல்லையில் உள்ள போன்களுக்கு மட்டும் அனுப்பலாம். 2015-க்குப் பிறகு சென்னைக்காக உருவான சி-ஃப்ளோஸ், வார்டு வாரியாக எங்கே தண்ணீர் தேங்கும் என்று கணிக்கக்கூடியது. ஆனால், அது முதன்மையாக அதிகாரிகளுக்கான கருவி. அந்தக் கணிப்பு இந்த அலறலோடு சேர்ந்து, 'உங்க தெருவில் இன்றிரவு இரண்டடி' என்று வந்தால் கதையே வேறு. இரண்டடி ஒன்றரை அடியானால் குறைசொல்வோம் என்ற தயக்கம் அதிகாரிகளுக்கு இருக்கலாம். ஒன்றும் சொல்லாததை விட அது மேல்.

இதற்கு செயற்கைக்கோள்கூட வேண்டாம், பெயின்ட் டப்பா போதும். 2015-லும் 2023-லும் தண்ணீர் நின்ற உயரத்தைத் தெருமுனை மின்கம்பத்தில் மாநகராட்சி ஒரு கோடாகப் போடலாம். வாடகைக்கு வீடு பார்க்க வருபவர் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார். வீட்டு விலை இறங்கிடும் என்று எதிர்ப்பும் முதலில் அங்கிருந்தே கிளம்பும்.