மலை வீதிக்கு ஏற்றபடி சரிசெய்த பிறகே வாகனத்தை விற்க வேண்டும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. பாவித்த கார் என்றால் உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததையே கொண்டுவரலாம் என்பது நிபந்தனை. அதனால், இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஜப்பானியக் கார்களில் புகுந்த புதிய வசதிகள் எல்லாம் ஒரே மூச்சில் நமது வீதிகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளைப் பகுதிகளில் இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் ஆசிரியர்களும் மரக்கறி வியாபாரிகளும் ஹயர் ஓடும் இளைஞர்களும்தான். லீசிங் எடுத்து, பல ஆண்டுகள் தவணை கட்டப்போகிறவர்கள் அவர்கள். வாகனம் கைக்கு வந்த மறுநாளே அவர்களின் முறைப்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சின்ன விடயம். ஆனால் பனிமூட்டமும் பள்ளமும் கொண்டைஊசி வளைவும் நிறைந்த ஊவா வீதிகளில் இவை பாதுகாப்புப் பிரச்சினைகள். இவற்றைச் சரிசெய்யும் பொறுப்பும் செலவும் விற்பவரையே சேர வேண்டும் என்பது எமது உறுதியான நிலைப்பாடு.

முதல் தொல்லை வாகனத்தை ஸ்டார்ட் செய்த உடனேயே வந்துவிடுகிறது. ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் சுங்கம் கட்டுவதற்கான அட்டை செருகப்படவில்லை என்று ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் அறிவிக்கிறது. ஹல்தும்முல்லையில் இருந்து கொஸ்லாந்தைக்குப் போகிறவருக்கு அந்த அட்டையால் ஆகப்போவது எதுவும் இல்லை. திரையில் உள்ள கடிகாரம் பல வாகனங்களில் ஜப்பானிய நேரத்தையே காட்டுகிறது. காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றப் புறப்பட்டால் அது ஒன்பதரை என்கிறது. அதை மாற்றும் வழியும் ஜப்பானிய எழுத்துகளுக்குள்ளேதான் இருக்கிறது. பெட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டினால் போதும், சில வாகனங்களின் திரை பூட்டிக்கொண்டு இரகசிய எண் கேட்கிறது. அதைத் திறக்கவும் தனியாக ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். வானொலியை அப்படி விட முடியாது. ஜப்பானில் பண்பலை 76 மெகாஹேட்ஸில் தொடங்கி 95 உடன் முடிந்துவிடுகிறது. பழைய பெட்டிகள் 90 உடனேயே நின்றுவிடும். இலங்கையின் பண்பலை 108 வரை போகிறது. ஜப்பானியப் பெட்டியை அப்படியே வைத்திருந்தால் 95க்கு மேலே ஒலிபரப்பாகும் தமிழ், சிங்கள அலைவரிசைகள் எதுவும் கேட்காது. பதுளை மாவட்டத்தில் இதைப் பாட்டுக் கேட்கும் ஆசை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் இம்மாவட்டத்து மலைகள் எங்கெல்லாம் சரிந்தன என்பதை நாம் இன்னும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும், எந்த வீதி மூடப்பட்டது என்ற செய்தியும், கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத வளைவில் மாட்டிக்கொண்ட சாரதிக்கு வானொலி வழியேதான் வர முடியும். அந்த வழியை அடைத்துவிட்டு வாகனத்தை விற்பது பொறுப்பான வியாபாரம் ஆகாது.

அடுத்தது விளக்கு. ஜப்பான் 2020 ஏப்ரல் முதல் புதிய மாதிரிக் கார்களுக்குத் தானாக எரியும் முன்விளக்கைக் கட்டாயமாக்கியது. வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் விளக்குத் தானே எரியும். இருட்டுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் அப்புத்தளையின் பகல் பனிமூட்டம் இருட்டு அல்ல. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, இருந்தும் எங்கும் வெள்ளை வெளிச்சமாகவே இருக்கும். சென்சர் வெளிச்சத்தை அளக்கிறதே தவிர, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அளப்பதில்லை. ஆகவே விளக்கு எரியாது. “ஓட்டோவில் போட்டிருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும்” என்று சாரதி நம்பிக்கொண்டு போவார். முன்பக்கத்தில் பகல் விளக்குகள் மட்டும் எரிய, பின்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லாமல் கார் வெள்ளைக்குள் மறைந்துவிடும். அதே வீதியோரத்தில்தான் கொழுந்து மடுவத்துக்குப் போகும் பெண்களும் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் நடக்கிறார்கள். நடைபாதை என்ற ஒன்று பெரும்பாலான தோட்டத்து வீதிகளில் கிடையாது. கார் வைத்திருப்பவரின் சின்னக் குறை என்று எண்ணப்படும் விடயம், கார் வாங்கும் கனவே இல்லாதவரின் உயிரோடு முட்டுகிறது. பனிமூட்டத்தில் கையாலேயே விளக்கைப் போட வேண்டும் என்ற ஒற்றை வரியை விற்பனையாளர் சொல்லிக்கொடுத்தால் போதும். அதைச் சொல்லும் கையேடு ஜப்பானிய மொழியில் டேஷ்போர்ட் பெட்டிக்குள் தூங்குகிறது.

இறக்கத்திலும் இதே கதைதான். அப்புத்தளையில் இருந்து பெரகலை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்கும் அதிகமான உயரத்தைக் கீழே விட்டுப் போகிறோம். பழைய லொறிச் சாரதிகள் ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஹைபிரிட் கார்களில் அந்த வேலையைச் செய்ய கியர்ப் பிடியில் ‘பி’ என்றொரு நிலை இருக்கிறது. வேறு சில வாகனங்களில் அது ‘எல்’ அல்லது ‘எஸ்’. அதில் போட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும், பிரேக் ஓய்வெடுக்கும். இது தெரியாமல் ‘டி’யிலேயே வைத்து, இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டு போனால் பட்டைகள் சூடேறும், கடைசியில் மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அந்த ஓர் எழுத்தின் பொருளைச் சொல்லாமல் வாகனத்தைக் கைமாற்றுகிறவர்கள், வாங்குகிறவரைக் கண்ணைக் கட்டி மலையில் இறக்கிவிடுகிறார்கள்.

ஏற்றத்தில் வரும் எரிச்சல் வேறு. வாகனம் நின்றதும் எஞ்சினைத் தானே அணைத்து, பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் மீண்டும் கிளப்பும் வசதி, தோக்கியோவின் நீண்ட சிக்னல்களில் எரிபொருளை மிச்சப்படுத்த வந்தது. பெரகலையில் இருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில் ஒரு சிக்னல் விளக்கும் இல்லை. வளைவில் மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு இடம் விட்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அடங்கி, குலுங்கி எழும்புகிறது. இதை நிறுத்தப் பொத்தான் உண்டு. ஆனால் வாகனத்தை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் அது பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக அழுத்த வேண்டும். இதற்கெனப் போடப்படும் விசேட பெட்டரியின் விலை சாதாரண பெட்டரியைவிட அதிகம் என்பது, அதை மாற்றும் நாளில்தான் உரிமையாளருக்குத் தெரியவருகிறது.

தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி லிப்டன் சீட்டுக்கு ஏறும் வீதியில் இந்தக் கார்களில் ஒன்று எதிரே வரும் வாகனத்துக்கு ஒதுங்கும்போது உள்ளே இருந்து கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கல் அணை, மறுபக்கம் தேயிலைச் செடி. இரண்டையும் ஆபத்து என்று கருதி, மூலைகளில் உள்ள சென்சர்கள் விடாமல் கத்துகின்றன. வளைவில் பஸ் ஒன்று எதிர்ப்பட்டால் மோதப்போகிறது என்று திரை சிவக்கிறது. ஒரு கிழமை இப்படி ஓட்டிய சாரதி எந்தச் சத்தத்தையும் காதில் வாங்கமாட்டார். இரண்டாவது கிழமையில் எங்காவது ஒரு கராஜில் எல்லாவற்றையும் சேர்த்துத் துண்டித்துவிடுவார். தேவையற்ற எச்சரிக்கை செய்யும் பெரிய கெடுதல் இதுதான். மெய்யான ஆபத்து வரும் நாளில் அதைக் கேட்பதற்கு ஆள் இருக்காது.

மாற்றுச் சில்லு காணாமற்போனதையும் சொல்லியே ஆக வேண்டும். எடையையும் இடத்தையும் குறைப்பதற்காகப் பல புதிய கார்களில் அது இல்லை. பதிலாக ஒரு போத்தல் பசையும் சிறிய காற்றடிக்கும் பம்பும் வைத்திருக்கிறார்கள். ஆணி குத்திய ஓட்டைக்கு அந்தப் பசை உதவும். தோட்டத்து வீதியில் துருத்திக்கொண்டிருக்கும் கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது. டயர்க் கடை பத்து நிமிடத்தில் வந்து நிற்கும் நகரத்துக்கு அது போதுமாக இருக்கலாம். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தோட்டத்தில் இருந்து தியத்தலாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் இரவில் அது போதாது.

எல்லாத் தொழில்நுட்பத்தையும் நாம் எதிர்க்கவில்லை. தானியங்கி அவசர பிரேக்கும், பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டும் கெமராவும் உயிர் காப்பவை. ஜப்பான் முதலாவதை 2021 நவம்பர் முதலும், பின்புறக் கெமரா அல்லது சென்சரை 2022 மே முதலும் புதிய மாதிரிகளுக்குக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆசனப்பட்டி போடாவிட்டால் ஒலிக்கும் மணியும் எரிச்சல்தான், ஆனால் அதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. சாரதியின் கண்ணையும் கையையும் வீதியிலேயே வைத்திருக்க உதவுவது எது, அவற்றை வேறு பக்கம் இழுப்பது எது என்று பிரித்துப் பார்க்கவே கேட்கிறோம்.

உலகமும் இப்போது இதையே கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2022 இல் சுவீடனின் ‘வி பில்யேகாரே’ என்ற வாகனச் சஞ்சிகை, மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்தில் நான்கு எளிய வேலைகளைச் செய்துமுடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று சோதித்தது. பொத்தான்கள் கொண்ட 2005 ஆம் ஆண்டின் பழைய வொல்வோவில் பத்து விநாடி போதுமாயிருந்தது. தொடுதிரையை நம்பிய புதிய கார்களில் மிக மோசமானது 44.9 விநாடி எடுத்தது. கண்ணாடியில் நீராவி படிந்து எதிரே எதுவும் தெரியாத நேரத்தில் விசிறியையும் சூட்டையும் திரைக்குள் தேடுகிற மலைநாட்டுச் சாரதிக்கு இந்த எண்ணின் அர்த்தம் உடனே புரியும். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பீடு வழங்கும் யூரோ என்கெப், சிக்னல், ஹோன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ பிடியோ இல்லாத கார்களுக்கு 2026 முதல் முழு மதிப்பெண் இல்லை என்று விதி வகுத்திருக்கிறது. அங்குள்ள நிறுவனங்களே திருந்தும்போது, நாம் மட்டும் வந்ததை வந்தபடி ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

லயன் அறைக் கூரை ஒழுகும்போது காரின் குறை ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். வீட்டுக்கும் காணிக்கும் சம்பளத்துக்கும் குரல் கொடுப்பதை நாம் ஒருநாளும் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வீதி எல்லோருக்கும் பொது. அதில் நடப்பவரும், முச்சக்கர வண்டியில் போகிறவரும், காரில் வருபவரும் ஒருவரின் தவறுக்கு மற்றவர் விலை கொடுக்கிறார்கள். விலை கூடிவிடும் என்று இறக்குமதியாளர்கள் சொல்வதிலும் வலு இல்லை. பல பத்து இலட்சம் ரூபாவுக்கு விற்கும் வாகனத்தில், சில பக்கக் கையேடும் ஒரு வானொலிப் பெட்டியும் பெரிய சுமை அல்ல. ஒவ்வொரு வாகனத்துக்கும் பெருந்தொகை வரி வாங்கும் அரசாங்கம், வாங்குகிறவரின் பாதுகாப்புக்கு இந்தச் சிறு நிபந்தனையை விதிக்கத் தயங்கக்கூடாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, வாகன விற்பனையாளர்களுக்குக் கட்டாயப் பணிப்புரை ஒன்றை வெளியிட வேண்டும். எச்சரிக்கை விளக்குகளின் பொருள், இறக்கத்துக்கான கியர் நிலை, பனிமூட்டத்தில் விளக்கு, எஞ்சின் தானே அணைவதை நிறுத்தும் முறை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லும் கையேடு ஒவ்வொரு வாகனத்துடனும் வழங்கப்பட வேண்டும். ஜப்பானியச் சுங்கக் கருவியை அகற்றி, திரையை வாசிக்கக்கூடிய மொழிக்கு மாற்றி, 108 வரை எடுக்கும் வானொலியைப் பொருத்திய பிறகே வாகனம் கைமாற வேண்டும். மாற்றுச் சில்லு உண்டா இல்லையா என்பது விற்பனைப் பற்றுச்சீட்டில் தெளிவாக எழுதப்பட வேண்டும், வாங்குகிறவர் கேட்டால் அதைப் பெற்றுக்கொடுக்க வேண்டும். முதல் பதிவின்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இவற்றைச் சரிபார்க்கட்டும். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையிலும் இத்தகைய வாகனத்தை மலை இறக்கத்தில் ஓட்டும் முறை பற்றிய கேள்விகள் சேர்க்கப்படட்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் இவை அனைத்தையும் கேளுங்கள். செய்துதராத இடத்தில் வாங்காதீர்கள். ஊவாவின் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாகாண நிர்வாகமும் இந்தக் கோரிக்கையைக் கொழும்புக்கு எடுத்துச்செல்ல வேண்டும். அடுத்த பருவமழை தொடங்குவதற்குள் பணிப்புரை வெளிவர வேண்டும்.