காட்டு வில்லாளிக்குப் பிரபுப் பட்டம்!

ராபின்ஹூட் பிரபு வீட்டுப் பிள்ளையாம்! 2018இல் வந்த ஆங்கிலப் படம் அப்படித்தான் சொல்கிறது. 1991இல் வந்த படமும் அதையே சொன்னது. 1938இல் எரோல் பிளின் வில்லேந்தி வந்தபோதும் அதே கதைதான். மாளிகையில் பிறந்தான், சொத்தைப் பறிகொடுத்தான், காடேகினான், ஏழைகளுக்காக வில்லெடுத்தான்!

பழைய பாட்டுக்கள் அப்படியா பாடின, தோழர்களே?

1377ஐ ஒட்டி லாங்லண்ட் எழுதிய நெடும்பாட்டில் ஒரு சோம்பேறிப் பாதிரி வருகிறான். அவனுக்கு ஜெபம் சரியாகத் தெரியாது. ராபின்ஹூட் பாட்டுக்கள் தெரியும்! (வாழ்க அந்தப் பாதிரி! இலக்கியத்தில் அந்தப் பெயர் முதலில் கிடைப்பது அவன் புண்ணியத்தால்தான்.) நான்கே ஆண்டு கழித்து, 1381இல், தலைவரிக் கொடுமை தாளாத உழவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். அந்தக் காலத்து மக்களின் வாயில் வளர்ந்தவன் ராபின்.

1500ஐ ஒட்டி அச்சேறிய கதைப்பாட்டில் அவன் ஒரு யோமன். பட்டமில்லாத குடிமகன். ஏர் பிடிப்பவனுக்குத் தீங்கு செய்யாதீர்கள், ஆயர்களையும் நாட்டிங்ஹாம் ஷெரிப்பையும் விடாதீர்கள் என்று தன் ஆட்களுக்கு உத்தரவிடுகிறான். யார்க் நகரத்து மடாதிபதியிடம் 400 பவுனுக்கு நிலத்தை அடகு வைத்து, நொடித்துப்போன பெருமகன் ஒருவன் வருகிறான். அவனுக்கு 400 பவுனையும் எண்ணிக் கொடுக்கிறான் ராபின். அடகு, கெடு, கைவிட்டுப் போகும் நிலம்! எந்த ஊர் விவசாயிக்கு இது புரியாது?

பட்டம் எப்போது வந்தது? 1598இல். ஆந்தனி மண்டே என்ற லண்டன் நாடகாசிரியர் இரண்டு நாடகங்களில் அவனை ஹண்டிங்டன் பிரபுவாக்கினார். நாடகக் குழுவோ, கடற்படைத் தலைவரான பிரபு ஒருவரின் ஆதரவில் நடந்தது! குடியானவன் தானே தலை நிமிர்ந்தால் அது கலகம். பிரபு போராடினால் அது பரம்பரைச் சொத்துத் தகராறு. நல்ல மன்னன் திரும்பியதும் நிலம் கைக்கு வந்துவிடும், மக்களும் கலைந்து போவார்கள்.

2010இல் வந்த படம் அவனைச் சாதாரண வில்லாளியாகக் காட்டத் துணிந்தது. அங்கும் செத்த பெருமகன் ஒருவனின் பெயரை அவன் சுமந்துகொண்டுதான் கதை நகர்கிறது!

மெக்கார்த்தி வெறி தலைக்கேறியிருந்த 1953இல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பாடநூல் குழு உறுப்பினர் ஒருவர், செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுப்பது கம்யூனிசம், ராபின்ஹூட் கதை பள்ளியில் கூடாது என்றார். அடுத்த ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் கோழி இறகுகளுக்குப் பச்சைச் சாயம் தோய்த்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டவர்கள், 1955இல் இங்கிலாந்தில் தொடங்கிய ராபின்ஹூட் தொலைக்காட்சித் தொடருக்குப் பொய்ப்பெயரில் எழுதினார்கள். விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்ற ரிங் லார்ட்னர் ஜூனியர் அவர்களில் ஒருவர். அந்தத் தொடரிலும் ராபின் லாக்ஸ்லிப் பெருமகன்தான்! சிறை கண்ட பேனாவும் அந்தப் பட்டத்தைக் கழற்றவில்லை.