ஆஃப் ரோடு என்று ஒரு தப்பான பெயர்

ஆஃப் ரோடு டிரைவிங் என்றால் என்ன என்று கேட்டால், ரோட்டை விட்டு இறங்கி இஷ்டத்துக்கு வண்டி ஓட்டுவது என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். பெயரே அப்படித்தானே இருக்கிறது! கார் விளம்பரங்களிலும் அதுதான்: பாலைவனத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு தன்னந்தனியாக ஒரு வண்டி, பின்னணியில் கிடார். என் கருத்து இதற்கு நேர் எதிர். ஒழுங்காக ஆஃப் ரோடு ஓட்டுகிறவன் பாதையை விட்டு ஒரு அடிகூட நகரமாட்டான். அந்தப் பாதை பாறையாக இருக்கும், படிக்கட்டு மாதிரி இருக்கும், சில இடங்களில் யாராவது சொன்னால்தான் பாதை என்றே தெரியும். ஆனாலும் அது பாதைதான். அவன் தனியாகவும் போகமாட்டான்.

இதை எழுத வைத்த ஊர் மோவாப் (பைபிளில் வருமே, அதே பெயர்). அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில், சுமார் 5 ஆயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். ஜீப் பைத்தியங்களுக்கு இதுதான் காசி, ராமேஸ்வரம் எல்லாம். 1967-ல் உள்ளூர் வர்த்தக சபை தொடங்கிய 'ஈஸ்டர் ஜீப் சஃபாரி'க்கு இன்றும் ஒவ்வொரு வருடமும் கூட்டம் அம்முகிறது. நாங்கள் ஒன்பது மாணவர்கள், வாடகைக்கு எடுத்த மூன்று ஜீப்புகளில் விடுமுறைக்குப் போனோம்.

இங்கிருக்கும் பல பாதைகளைச் சுற்றுலாவுக்காக யாரும் போடவில்லை. எல்லாம் யுரேனியம் செய்த வேலை. 1952-ல் சார்லி ஸ்டீன் என்பவர் மோவாபுக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்துக் கோடீஸ்வரர் ஆனார். பனிப்போர் காலம், அரசாங்கமே வாங்கிக்கொள்ளத் தயார், கேட்கவா வேண்டும்! புல்டோசர்கள் மலையைக் குடைந்து பாதை போட்டன. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 100 மைலுக்குச் சுற்றி வரும் 'ஒயிட் ரிம்' பாதை அமெரிக்க அணுசக்தி ஆணையம் போட்டது. அணுகுண்டுக்காகப் போட்ட பாதையில் இன்று நாம் புளியோதரைப் பொட்டலத்தோடு போகிறோம். :-)

ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். பாதை ஆரம்பிக்கும் இடத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, டயர் காற்றை இறக்குவது. 35 பவுண்டில் இருப்பதைப் பதினெட்டு, இருபதுக்குக் கொண்டுவந்தால் டயர் தரையில் அகலமாக உட்காரும். அப்போதுதான் மணலில் புதையாது, பாறையில் பிடிக்கும். இங்குள்ள வழவழப்பான மணற்பாறைக்கு 'ஸ்லிக்ராக்' என்று பெயர். அந்தக் காலத்துக் குதிரைகளின் இரும்பு லாடம் அதில் வழுக்கியதால் வந்த பெயர். ரப்பர் டயருக்கோ அது உப்புத்தாள் மாதிரி. செங்குத்தான பாறையில் வண்டி பல்லி போல ஏறும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பயத்தை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம்.

அடுத்தது வேகம். 'ஹெல்ஸ் ரிவெஞ்ச்' என்ற பாதை மொத்தமே ஆறரை மைல்தான். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். லோ ரேஞ்ச் கியரில் போட்டுவிட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, நடக்கிற வேகத்தில் இறங்க வேண்டும். கஷ்டமான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நின்று கையால் வழி காட்டுவார். ஒருவர்தான். மற்ற எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் (நம் கூட்டத்துக்கு இதுதான் மிகக் கஷ்டமான பகுதி). அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் பின்வண்டி கண்ணில் படும்வரை நகரக்கூடாது. ஆக, கடைசி வண்டியின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். விளம்பரத்தில் வரும் அந்த ஒற்றை வண்டி, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஆக்ஸிலை உடைத்துக்கொண்டால் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துத்தான் இழுத்துவர வேண்டும். அது பணத்தோடு போகும். 1997 ஆகஸ்டில், பக்கத்து மாநிலமான அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனுக்குள் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் செத்துப்போனார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, பல மைல் தள்ளி. குறுகலான பள்ளத்தாக்குக்குள் நிற்கும்போது தலைக்கு மேல் வெயில் அடிக்கிறது என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் எங்களுக்கு எதிரே வந்த ஒரு வண்டி, போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கி, நூறடி தள்ளி ஒரு மேட்டில் போய் நின்றது. கேட்டால் "வெறும் மண்தானே" என்றார்கள். வெறும் மண் இல்லை. அந்தப் பாலைவனத்தில் தரைமேல் கருப்பாக, கருகின அடை மாதிரி ஒரு மேலோடு இருக்கும். சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்துவைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும், திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நொறுங்கிய இடத்திலிருந்து மண் காற்றில் பறக்கும். அப்படிப் பறக்கும் பாலைவனத் தூசு ராக்கி மலைப் பனிமேல் படிந்தால், பனி வெயிலை அதிகமாக உறிஞ்சிச் சீக்கிரம் உருகிவிடும். அந்தப் பனியை நம்பித்தான் கொலராடோ ஆறு. ஆற்றை நம்பி ஏறக்குறைய 4 கோடிப் பேர். ஒரு போட்டோவால் ஆறு வற்றிவிடும் என்று ஜல்லியடிக்கவில்லை. ஆனால் ஒரு தடம் பதிந்தால், அடுத்து வருகிறவன் அதையும் பாதை என்று நினைத்து அதன்மேலேயே போகிறான். பத்தே வாரத்தில் அங்கே நிஜமாகவே ஒரு பாதை.

2023-ல் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை, மோவாப் பக்கத்தில் லாபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 317 மைல் பாதைகளை வண்டிகளுக்கு மூடியது. காட்டாடுகள், தொல்லியல் இடங்கள், ஆற்றில் துடுப்புப் படகில் போகிறவர்களின் அமைதி என்று பல காரணங்கள். ஜீப் சங்கங்கள் கொதித்துப்போய் வழக்குப் போட்டன. அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மோவாபில் எழுபது வயதுத் தம்பதிகளைப் பழைய ஜீப்பில் பார்த்தேன். முழங்கால் போன அந்தப் பெரியவரால் அந்த விளிம்புக்கு வேறு எப்படி வரமுடியும்? எட்வர்ட் ஆபி என்ற எழுத்தாளர், பக்கத்திலிருக்கும் ஆர்ச்சஸில் ரேஞ்சராக இருந்தவர், தேசியப் பூங்காக்களுக்குள் கார்களே கூடாது என்று 1968-லேயே புத்தகம் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல காலும் நிறைய விடுமுறையும் உள்ளவர்களுக்குத்தான் அது சுலபம்.

ஆனால் ஒரே மேட்டுக்கு மூன்று பாதை இருந்தால் இரண்டை மூடுவதில் என்ன அநியாயம்? அந்த இரண்டை உண்டாக்கியது ஆடுகளா? பாதை கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பாதையை விட்டு இறங்குகிறவனைத் தங்கள் கூட்டத்திலிருந்து முதலில் விரட்டட்டும். எதிரே வந்த வண்டியில் சங்கத்து ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்டோபரில் மறுபடி ஒரு கூட்டம் சேர்க்கிறேன். இந்தத் தடவை ஒயிட் ரிம், மூன்று நாள். பூங்கா பர்மிட் முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பதால் வருகிறவர்கள் சீக்கிரம் சொல்லவும். லோ ரேஞ்ச் கியர் உள்ள உயரமான வண்டிதான் உள்ளே விடுவார்கள், "ஆல் வீல் டிரைவ் போதுமே மச்சி" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். காற்று அடிக்கும் கம்ப்ரெஸர் என் செலவு. முன்வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், முதல் நாள் கடைசி வண்டியை ஓட்ட வேண்டும்.