ஜித்தாவுக்கு எது பக்கம்: சென்னையா, கொச்சியா?

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழி நேர்தொலைவு சுமார் 4,440 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து சுமார் 4,170 கிலோமீட்டர். வரைபடத்தை மட்டும் பார்த்தால் கொச்சிதான் பக்கம். ஆனால் நேரடி விமானத்தில் இந்த 270 கிலோமீட்டர் வித்தியாசம் வெறும் இருபது நிமிடம்தான். எங்கிருந்து கிளம்பினாலும் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டிய பயணம்.

இந்தக் கணக்கை இப்போது பேசக் காரணம் உண்டு. 2022 ஹஜ்ஜின்போது கொரோனாவைக் காரணம் காட்டி, நாட்டிலுள்ள ஹஜ் புறப்பாட்டு விமான நிலையங்கள் 21-லிருந்து 10-ஆகக் குறைக்கப்பட்டன. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையைச் சேர்க்கும்படி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் அந்த ஆண்டு தமிழக ஹாஜிகள் கொச்சிக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2023-இல்தான் சென்னை திரும்பக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து இதைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை சுமார் 120 கிலோமீட்டர். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் காலையிலேயே விமான நிலையம் சேரலாம். வழியனுப்ப வந்தவர்கள் அன்றே வீடு திரும்பலாம். கொச்சி என்றால் சேலம், கோவை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல். போக ஓர் இரவு, வர ஓர் இரவு. வானில் மிச்சமான இருபது நிமிடம் தரையில் ஒரு முழு இரவாகத் திரும்பி வருகிறது.

2022-இல் ஹஜ் விமானங்கள் கிளம்பியது ஜூன் மாதம். உப்பளத்தில் உப்பு வாரும் காலம் அது. மகனோ மருமகனோ வழியனுப்பக் கொச்சி போனால் இரண்டு, மூன்று நாள் கூலி போகும். வண்டி வாடகை, தங்கும் செலவு தனி. ஹஜ் கமிட்டிக்குக் கட்டும் பணத்தில் இவை எதுவும் சேராது.

ஹாஜியின் உடல்நிலையும் முக்கியம். நேராக ஜித்தாவில் இறங்குபவர்களுக்கு விமானம் தரையிறங்கும் முன்பே மீக்காத் எல்லை வந்துவிடும். அதற்குள் இஹ்ராமில் இருக்க வேண்டும். இரவெல்லாம் சாலையில் வந்து களைத்த உடலோடு நிய்யத்துக்குத் தயாராவது எளிதல்ல. சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், இறங்கிய பிறகும் அன்றைய பகல் நீண்டுகொண்டே போகும்.

ஆகவே விண்ணப்பத்தில் புறப்பாட்டு இடத்தைக் குறிக்கும்போது, விமானக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து விமானப் படி வரையுள்ள நேரத்தையும் செலவையும் கூட்டிப் பாருங்கள். நாளை மீண்டும் பட்டியலைச் சுருக்கும் பேச்சு எழுந்தால், நம் ஜமாஅத்துகளும் இந்தக் கணக்கோடுதான் பேச வேண்டும். ஹாஜியின் பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது.