122 என்று எழுதினால்தான் மதிப்பெண்ணா?



பி.எஸ்சி. செய்முறைத் தேர்வு நெருங்கினாலே எனக்கு ஒரு பழைய ஆதங்கம் தலைதூக்கும். கொடுத்த பொருள் பென்சாயிக் அமிலம் என்று தெரிந்ததும், பிள்ளைகள் உருகுநிலை 122 டிகிரி என்று எழுதிவிடுகிறார்கள். தெர்மாமீட்டர் 116 காட்டினாலும் 122தான்!

என் கருத்து இது: புத்தகத்து எண்ணுக்கு மதிப்பெண் வேண்டாம். கண்ணால் கண்ட எண்ணுக்குக் கொடுங்கள்.

உருகுநிலை பொருளின் அடையாளத்தை மட்டும் சொல்வதில்லை, தூய்மையையும் சொல்கிறது. தூய பென்சாயிக் அமிலம் ஓரிரு டிகிரிக்குள் சட்டென்று உருகிவிடும். மாசு இருந்தால் முன்கூட்டியே இளகத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போகும். ஆக, அந்த 116 ஒரு தகவல். வெந்நீரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, மெதுவாக ஆறவிட்டுப் படிகமாக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு ஐஸில் வைத்தால் மாசும் படிகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காயவைத்து மறுபடி பார்த்தால் எண் ஏறியிருக்கும். அந்த ஏற்றம்தான் பாடம்.

யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரி அளவில் உருகும். இரண்டையும் கலந்தால் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். எண் ஒன்றானாலும் ஆள் வேறு என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். இங்கே புத்தகத்தைப் பார்த்து எழுதினால் என்ன மிஞ்சும்?

இது லேபோடு முடிகிற விஷயமல்ல. ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996-இல் விற்பனைக்கு வந்தது. 1998-இல் அதே மூலக்கூறு, எதிர்பாராத வேறொரு படிக வடிவில் உருவாகத் தொடங்கியது. அந்தப் படிகம் எளிதில் கரையவில்லை. கரைதல் சோதனையில் காப்ஸ்யூல்கள் தேறாததால்தான் விஷயம் தெரிந்தது. அவற்றைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. சோதித்தவர்கள் வழக்கமான எண்ணையே எழுதி வைத்திருந்தால், சரியாகக் கரையாத மருந்து நோயாளிகள் கைக்கல்லவா போயிருக்கும்?

நேரம் போதாது, வெளித்தேர்வாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். இன்று கல்லூரிகளில் பாடம் எடுக்கும் என் பிள்ளைகளே, ஒன்று மட்டும் செய்யுங்கள். உருகத் தொடங்கிய வெப்பநிலை, முழுதும் உருகி முடிந்த வெப்பநிலை என இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். 115–119 என்று எழுதி, பொருளில் ஈரம் இருந்திருக்கலாம் என்று காரணம் சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். நாளை மருந்து சோதிக்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்