நெல் வந்தது, சோறு ஆயிற்றா?

எமக்கு அறிமுகமான இல்லத்தரசி ஒருவர் அண்மையில் தமது குருதிப் பரிசோதனைத் தாளை எம் முன் வைத்தார். பல மாதங்களாகத் தைரொட்சின் குளிசை உட்கொண்டு வருபவர் அவர். "எல்லாம் சரி என்கிறார் வைத்தியர். ஆனால், ஐயா, காலையில் எழும்பவே உடல் மறுக்கிறது, முடி கொட்டுகிறது, மாமியோ சோம்பல் என்கிறார். குளிசை என் உடம்பிற் சேருகிறதோ என்னவோ! நாளை முதல் இரண்டாகப் போடப் போகிறேன்" என்றார்.

தாள் பொய் சொல்கிறதா, அம்மையார் பொய் சொல்கிறாரா? இருவரும் மெய்யே சொல்லக்கூடும் என்பதை விளக்குவதே இன்று எமது நோக்கம்.

தைரொயிட்டுச் சுரப்பி பெரும்பாலும் சுரப்பது தைரொட்சின் என்னும் ஓமோன். இதனை 1914 இல் அமெரிக்க அறிஞர் எட்வேர்ட் கெண்டல் பிரித்தெடுத்தார். இதன் மூலக்கூறில் அயடீன் அணுக்கள் நான்கு உள்ளமையால் ரீ-4 என்பர். மூன்றே அணுக்கள் கொண்ட ரீ-3 ஐ 1952 இல் இலண்டனில் குறோஸ் என்பவரும் பிற்-றிவேர்ஸ் அம்மையாரும் கண்டறிந்தனர். கலங்களில் வினை புரிவது பெரிதும் இந்த ரீ-3 தான். சுரப்பி செயலிழந்தவர்க்கு ரீ-4 மட்டும் கொடுத்தபோதும், அவர்தம் குருதியில் ரீ-3 தோன்றுவதை 1970 இல் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். ரீ-4 இன் ஓர் அயடீன் அணுவை உடலே நீக்கி ரீ-3 ஆக்கிக்கொள்கிறது.

எளிதாகச் சொல்வதாயின் ரீ-4 நெல், ரீ-3 அரிசி. குளிசை தருவது நெல்லை. உமி நீக்கும் உரலும் உலக்கையும் ஈரல், சிறுநீரகம், மூளை முதலிய உறுப்புகளிலுள்ள நொதியங்களாம்.

பரிசோதனைத் தாளில் முதலிடம் பெறும் ரீ.எஸ்.எச். என்பது யாது? மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டு ஓமோன் குறையுங்கால் அனுப்பும் ஏவற் கடிதம் அது. ஓமோன் போதுமாயின் கடிதமும் அளவோடு நிற்கும். ஆகவே, மருந்து குருதியிற் சேர்ந்ததா என்னும் வினாவுக்கு இது பெரிதும் நம்பத்தக்க விடை. ஆனால், கபச்சுரப்பி தன் வீட்டு உரலில் தானே குத்தி, தன் வீட்டுப் பானையைப் பார்த்துச் சொல்லும் சாட்சி அது. இதயத்திலும் தசையிலும் பானை நிறைந்ததா என்பதை நேரே அளக்கும் பரிசோதனை அன்றாட மருத்துவத்தில் இல்லை.

கலத்தின் வாயில் அடைபடுவதும் உண்டு. எம்.சி.ரீ-8 என்னும் புரதம் இந்த ஓமோனைக் கலத்தினுள் கொண்டு செல்வது 2003 இல் தெரியவந்தது. அது பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குருதியில் ரீ-3 மிகுந்திருக்க, மூளையோ அதற்கு ஏங்கும். எனினும் இது மிக அரிய பிறவி நோய். களைத்திருக்கும் எல்லோருக்கும் இதனைப் பொருத்துதல் தகாது.

குளிசை உண்பவர் சிலரின் குருதியில் ரீ-4 க்கு ஒப்ப ரீ-3 சற்றுக் குறைந்திருப்பதும் உண்மையே. ரீ-3 ஐயும் சேர்த்துக் கொடுத்தபோது மனநிலை மேம்பட்டதாக 1999 இல், 33 நோயாளரைக் கொண்ட ஓர் ஆய்வு கூறியது. பின்னர் நடந்த ஆய்வுகள் பல அத்தகைய தெளிவான நன்மையைக் காணவில்லை. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அதுவரை செய்யத்தக்கன சில. குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குக. தேநீரும் காலையுணவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே ஆகுக. இரும்புச் சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களின் பின்னரே பரிசோதனை பயன் தரும். முடி வளர்வதற்கென விற்கப்படும் பயோற்றின் சில பரிசோதனை முறைகளில் பொய்யான அளவைக் காட்டிவிடும். அதனை உண்பவர் வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும் களைப்பு நீங்காவிடின், இரத்தச் சோகை, பீ-12 குறைவு, நீரிழிவு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தேடுதல் முறை. குளிசையைத் தாமே இரட்டிப்பதோ பெருந்தீங்கு. மிகுந்த ஓமோன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். எலும்பையும் நலியச் செய்யும்.

அம்மையாருக்கு நாம் கூறியதும் இதுவே: "குளிசையைக் கூட்டாதீர்கள், குறையைச் சொல்லக் கூசாதீர்கள். உடல் படும் பாட்டை நாள்தோறும் ஒரு தாளில் எழுதி, பரிசோதனைத் தாளுடன் வைத்தியரிடம் கொடுங்கள்." அவருடைய மாமியார்க்கும் ஒரு சொல் உண்டு. தாளில் எண் சரியாயிருப்பது மருமகள் சோம்பேறி என்பதற்குச் சான்றாகாது.